காட்டியவர் விலகலாமா?

கண் தானாகக் காண்பதில்லை, கண்ணைக் கருவியாகக் கொண்டு உயிரே காண்கிறது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. சித்தாந்திகள் அதோடு நிறுத்தவில்லை. உயிர் கண்ணைத் தூண்டிப் பொருளைக் காட்டினால் மட்டும் காட்சி நிகழ்ந்துவிடாது. காட்டிய உயிர் கண்ணோடு கூட நின்று தானும் காண வேண்டும் என்றார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் சுருங்க வைத்த இந்தக் கருத்தை 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் மாபாடியத்தில் விரித்துரைத்தார். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்ற இரண்டும் சித்தாந்தம் பயில்பவர்களுக்கு நன்கு பழகியவை. கண்ணுக்கு உயிர் செய்யும் இந்த இரண்டு உதவிகளையும் உயிருக்கு இறைவன் செய்கிறான் என்பது அங்கே எட்டப்படும் முடிவு. அறிவை எடுத்துக் கொடுத்துவிட்டு இறைவன் ஒதுங்கிக்கொள்வதில்லை. உயிர் அறியும் ஒவ்வொரு கணத்திலும் உடனிருந்து அறிகிறான். வீடுபேற்றை விளக்க எழுந்த இந்த நுட்பம், பார்வையிழந்தோரின் விழித்திரையில் மின்சில்லு பதிக்கும் இன்றைய மருத்துவத்தைப் பற்றிச் சிந்திக்கவும் கைகொடுக்கிறது என்று நினைக்கிறேன். பார்வையை மீட்டுத் தருவதை ஒரு பொருளைக் கைமாற்றும் செயலாக நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது காண்பவரோடு சேர்ந்து, அவர் காணும் காலமெல்லாம் நடத்த வேண்டிய செயல். அப்படியென்றால் அதைத் தொடங்கியவருக்கு நடுவில் விலகிப்போகும் உரிமை கிடையாது. இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தவை அந்தக் கருவிகளின் வரலாறும் அவை வேலை செய்யும் விதமும்தான்.

மின்சாரத்தால் பார்வை உணர்வை எழுப்பலாம் என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பிரிட்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லியும் வால்போல் லெவினும், பார்வையிழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் மூளையில், பார்வைக்குரிய பகுதியின் மேல் 80 மின்முனைகளைப் பொருத்தி, அதன் முடிவுகளை 1968-இல் வெளியிட்டார்கள். மின்முனை தூண்டப்படும்போது அவருக்கு எதிரே சிறு ஒளிப்பொட்டுகள் தோன்றின. அதிலிருந்து மருத்துவமனையில் பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் கருவி வரை வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கலிபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் உருவாக்கிய ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரைக்கு 2011-இல் ஐரோப்பாவிலும் 2013-இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோயால் விழித்திரையின் ஒளியுணர் செல்கள் அழிந்துபோனவர்களுக்கானது அது. மூக்குக் கண்ணாடியில் ஒரு சிறு கேமரா. அது பிடிக்கும் காட்சியை இடுப்பில் அணியும் ஒரு கணிப்பெட்டி எளிமைப்படுத்துகிறது. கம்பியில்லாமல் அந்தத் தகவல் கண்ணுக்குள் போகிறது. அங்கே விழித்திரையின் மேல் ஆணிபோன்ற ஒன்றால் பொருத்தப்பட்ட 60 மின்முனைகள், எஞ்சியிருக்கும் நரம்புச் செல்களைத் தூண்டுகின்றன. இயல்பான விழித்திரை ஒன்றில் ஒளியுணர் செல்கள் பத்துக் கோடிக்கும் மேல். அவற்றின் இடத்தில் அறுபது. இந்தக் கருவியால் கிடைத்த மிகச் சிறந்த பார்வைக் கூர்மை 20/1260 என்று பதிவாகியிருக்கிறது. அதாவது, நல்ல பார்வையுள்ளவர் 1260 அடி தூரத்திலிருந்து காணக்கூடியதை, இதை அணிந்தவர் 20 அடிக்குள் வந்தால்தான் காண முடியும். கதவின் சட்டம், நடைபாதையின் ஓரக்கோடு, வெளிச்சமான ஜன்னல், எதிரே ஓர் ஆள் நகர்வது இவையெல்லாம் சாம்பல் நிற அசைவுகளாகத் தெரியவரும். முகம் தெரியாது. நிறம் தெரியாது.

இதில் என் வாதத்துக்கு முக்கியமானது எவ்வளவு தெரிந்தது என்பதைவிட, எப்படித் தெரிந்தது என்பதுதான். கேமரா கண்ணாடியில் இருப்பதால் கண்ணை உருட்டினால் காட்சி மாறாது. தலையைத் திருப்ப வேண்டும். ஆனால் மூளையோ, கண் எங்கே திரும்பியிருக்கிறதோ அங்கேதான் ஒளி இருக்கிறது என்று முடிவு செய்யும். நேரே இருக்கும் கோப்பையை எடுக்கக் கை நீட்டுபவரின் கண் சற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தால் கையும் தவறிப்போகும். ஆகவே கண்ணையும் தலையையும் ஒரே திசையில் வைக்க அவர் பழக வேண்டும். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தோன்றிய ஒளி மங்கி மறைந்துவிடும். அதைத் தக்கவைக்கத் தலையை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மின்முனையும் ஒரு புள்ளியைத் தரும், புள்ளிகள் கூடி உருவமாகும் என்ற கணக்கும் பொய்த்தது. மின்முனைக்கு அடியில் இருக்கும் செல்களோடு, அதன் வழியே கடந்து செல்லும் நரம்பு இழைகளும் தூண்டப்படுவதால், பலருக்குப் புள்ளிக்குப் பதில் கீற்றும் வளைகோடுமே தெரிந்தன. எந்தக் கீற்றுக் கூட்டம் கதவு, எது மரம் என்பதைக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டியவர் அந்த மனிதர்தான். கருவி ஒளியை எழுப்பியது. அந்த ஒளியைக் காட்சியாக்கியவர் அவர். பொறியாளர்களும் மருத்துவர்களும் பயிற்றுநர்களும் மாதக்கணக்கில் அவர் அருகிலிருந்து, எது தெரிகிறது, எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு மின்முனையின் அளவையும் அவருக்கேற்ப மாற்றினார்கள். காட்டுவது ஒரு தரப்பு, காண்பது மற்றொரு தரப்பு என்று இங்கே கோடு கிழிக்க முடியாது. இருவரும் ஒரே செயலில் இருந்தார்கள்.

பார்வை கற்றுக்கொள்ளப்படுகிறது என்பது மின்சில்லு வருவதற்கு நெடுநாள் முன்பே ஐரோப்பியத் தத்துவத்தில் பேசப்பட்டது. பிறவியிலேயே பார்வையற்றவர் ஒருவர், தொட்டுப் பழகிய கோளத்தையும் கனசதுரத்தையும் பார்வை கிடைத்ததும் தொடாமலே பிரித்தறிவாரா என்று டப்ளினின் வில்லியம் மாலினூ ஜான் லாக்கிடம் கேட்டார். லாக் 1694-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அதைச் சேர்த்து, அறியமாட்டார் என்றார். மாலினூவின் மனைவி பார்வையிழந்தவர் என்பதால் அவருக்கு அது வெறும் மேசைப் புதிராக இருந்திருக்காது. 1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், கண்புரை நீக்கப்பட்ட சிறுவன் ஒருவன் எல்லாப் பொருள்களும் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக உணர்ந்ததைப் பதிவு செய்தார். இருபதாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் கிரகரியும் ஜீன் வாலசும் ஆராய்ந்து 1963-இல் வெளியிட்ட எஸ்.பி. என்பவரின் வரலாறு இவற்றைவிட ஆழமானது. குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த அவருக்கு 52 வயதில் கருவிழி மாற்றப்பட்டது. பார்வையற்றோர் பள்ளியில் விரலால் தடவிக் கற்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளை அவர் உடனே கண்ணால் படித்தார். சின்ன எழுத்துகளைத் தொட்டுக் கற்றதில்லை. அவை அவருக்குத் தெரியவில்லை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கடைசல் எந்திரம் ஒன்றின் முன் நிறுத்தியபோது அதன் பெரும்பாலான பகுதிகள் அவருக்குப் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைகளால் அதை முழுதும் தடவிய பிறகுதான் கண் திறந்து கண்டார். கை கற்றது கண்ணுக்குப் போயிற்று. காண்பது கண்ணாக இருந்தால் இது நடக்காது. கைக்கும் கண்ணுக்கும் பொதுவான ஒன்று உள்ளே இருந்து அறிந்தால்தான் நடக்கும். அந்த ஒன்றைச் சித்தாந்தி உயிர் என்பார், நரம்பியலாளர் மூளையின் ஒருங்கிணைப்பு என்பார். இந்தக் கட்டுரைக்கு அந்த வழக்கைத் தீர்க்கத் தேவையில்லை. நமக்கு நெருக்கமான சான்று இந்தியாவிலிருந்தே வருகிறது. எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலிருந்தே பார்வையற்றிருந்து சிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளிடம் மாலினூவின் கேள்வி நேராகச் சோதிக்கப்பட்டு, 2011-இல் முடிவு வெளிவந்தது. கட்டு அவிழ்த்த உடனே அவர்களால் தொட்டதைக் கண்டறிய முடியவில்லை. ஆனால் பின்னர் மறுபடி சோதிக்கப்பட்டவர்களிடம், சில நாள்களிலேயே அந்தத் திறன் தெளிவாக முன்னேறியிருந்தது. பார்வை தரப்பட்ட நாளில் அவர்களுக்குக் கிடைத்தது ஒளி. காட்சி அதற்குப் பிறகு, அவர்கள் உழைப்பில் வந்தது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அறுபது மின்முனையின் கீற்றைப் பார்வை என்று சொல்வதே மிகை; அது கணிப்பெட்டி தயாரித்த சமிக்ஞை, இயற்கையான கண் தரும் காட்சியோடு அதை ஒரே வரிசையில் வைக்க முடியாது என்பார்கள். இயற்கைக் கண்ணைப் பற்றி நாம் அறிந்ததே இதற்குப் பதில். விழித்திரை தன்மேல் விழும் ஒளியை அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட செல்களின் தகவலைச் சுமார் பத்து லட்சம் நரம்பு இழைகளுக்குள் சுருக்கி, விளிம்புகளையும் வேறுபாடுகளையும் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. அதுவும் கணிப்புதான். சித்தாந்தம் இதை இன்னும் துணிவாகச் சொல்கிறது. உடம்பும் கண் முதலான கருவிகளும் மாயையிலிருந்து உண்டாக்கி உயிருக்குத் தரப்பட்டவை; ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு அவை விடியும்வரை கொடுத்துவைத்த விளக்கு. பிறந்தபோது வந்த கண்ணும் உயிரின் இயல்பு அல்ல, அதற்குக் கிடைத்த கருவியே. அப்படிப் பார்க்கும்போது, தசையால் ஆன கருவிக்கும் சிலிக்கானால் ஆன கருவிக்கும் இடையில் திறனில் வேறுபாடு உண்டு, தகுதியில் இல்லை. பார்வையிழப்பு பழவினையின் பயன், அதில் மனிதன் தலையிடலாமா என்று தயங்குவோருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கருவிகள் தரப்படுவதே உயிர் தன் வினையைக் கழித்து மேலேறுவதற்காக என்னும்போது, கெட்டுப்போன கருவியைச் செப்பனிடுவது அந்த ஏற்பாட்டுக்கு எதிரானதாக முடியாது. வினையைக் காரணம் காட்டி மருந்தை மறுக்கச் சொல்லும் எந்த வாதமும், பசியைக் காரணம் காட்டிச் சோற்றை மறுப்பதில்தான் போய் முடியும்.

வேறொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இதைவிட வலுவானது. பார்வையற்றவர் வாழ்க்கையைக் குறையாகவே காணும் மனப்பான்மைதான் இத்தகைய கருவிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பணத்தையும் அறிவையும் பிரெயில் நூல்களிலும் நடக்கத்தக்க தெருக்களிலும் வேலைவாய்ப்பிலும் செலவிட்டால் பல மடங்கு பேர் பயனடைவார்கள் என்று பார்வையற்றோர் இயக்கங்களைச் சேர்ந்த பலர் சொல்கிறார்கள். ஆர்கஸ் 2-இன் விலை மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டாலராக இருந்தது. இந்த மறுப்பின் முன்பாதியை நான் முழுதாக ஏற்கிறேன். பெரியபுராணம் சொல்லும் சுந்தரர் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. சங்கிலியாருக்குக் கொடுத்த சபதத்தை மீறி ஒற்றியூரை விட்டு நீங்கியதும் அவர் பார்வை போகிறது. பார்வை போனபின் அவர் பாடுவதை நிறுத்தவில்லை, நடப்பதை நிறுத்தவில்லை, இறைவனோடு உரிமையோடு வழக்காடுவதையும் நிறுத்தவில்லை. அந்த நாள்களில் அவர் அரைச் சுந்தரராக இருந்தார் என்று எந்த அடியாரும் எண்ணியதில்லை. பார்வையில்லாத வாழ்வு முழுமையான வாழ்வே. அதே வரலாற்றில் இன்னொன்றும் உண்டு. திருவெண்பாக்கத்தில் அவருக்கு ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். ஊன்றுகோல் கொடுத்ததோடு கணக்கை முடித்துக்கொள்ள இறைவனுக்குச் சுந்தரர் இடம் தரவில்லை, இறைவனும் முடித்துக்கொள்ளவில்லை. முழு வாழ்வு வாழ்பவர் ஒருவர் பார்வையையும் கேட்கலாம், அதைக் கேட்பது அவர் உரிமை, கொடுக்கத் தொடங்கியவர் அவர் போகும் ஊரெல்லாம் தொடர்ந்து வர வேண்டும் என்பதையே நான் அதில் காண்கிறேன். பிரெயிலா மின்சில்லா என்று அரசுகள் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால் பிரெயில் முதலில் வரட்டும். ஆனால் மின்சில்லைப் பொருத்திக்கொண்டவர் கண்ணுக்குள் அது இருக்கும்வரை, அந்தத் தேர்வைக் காட்டி அவரைக் கைவிட முடியாது.

கைவிடுதல் நடந்தது. 2019-இல் செகண்ட் சைட், மூளையில் நேரடியாகப் பொருத்தும் ஓரியன் என்ற புதிய கருவியில் கவனம் செலுத்துவதற்காக, ஆர்கஸ் 2 தயாரிப்பை நிறுத்தியது. 2020 மார்ச்சில் பணமில்லாமல் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் ஆர்கஸ் 2-ஐக் கண்ணில் சுமந்துகொண்டிருந்தார்கள். கணிப்பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி கிடையாது, அளவுகளைச் சரிசெய்யப் பயிற்றுநர் கிடையாது. அவசரமாக எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிவந்தபோது, கண்ணுக்குள் இருக்கும் கருவியைப் பற்றிய விவரத்தை மருத்துவருக்குச் சொல்ல நிறுவனத்தில் ஆளில்லாமல் திண்டாடியவர்கூட இருந்தார். பலர் இந்த மாற்றத்தை நிறுவனம் சொல்லி அறியவில்லை. தொலைபேசியை யாரும் எடுக்காதபோது தாங்களே அறிந்துகொண்டார்கள். ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் 2022 பிப்ரவரியில் இதை விரிவாக வெளிக்கொணர்ந்தது. அந்த ஆண்டிலேயே நிறுவனம், மருந்து செலுத்தும் கருவி செய்யும் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து பெயரையும் மாற்றிக்கொண்டது. செகண்ட் சைட் மட்டும் இதில் தனித்து நிற்கவில்லை. ஜெர்மனியின் ராய்ட்லிங்கனில் 1500 ஒளியுணர் அலகுகள் கொண்ட சில்லைச் செய்த ரெட்டினா இம்ப்ளான்ட் நிறுவனமும் 2019-இல் மூடப்பட்டது. பிரான்சின் பிக்சியம் விஷன் திவாலானது.

வாங்கிய பொருளின் தயாரிப்பு நின்றுபோவது எந்தச் சந்தையிலும் நடப்பதுதானே, இதில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பொருள்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு இதற்கு விடை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலாப் 1992 முதல் கண்புரை நோயாளிகளுக்கான உள்விழி லென்சைக் குறைந்த விலையில் செய்துவருகிறது. அந்த லென்ஸ் கண்ணுக்குள் போன பிறகு ஒளியை வளைப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. நாளை ஆரோலாப் மூடினாலும் அது பதிக்கப்பட்ட கோடிக்கணக்கான கண்கள் கண்டுகொண்டே இருக்கும். காட்டும் உதவி லென்சுக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. ஆர்கஸ் 2 போன்ற கருவி அப்படி அடங்குவதில்லை. அதன் பாதி கண்ணுக்குள்ளும் பாதி நிறுவனத்தின் மென்பொருளிலும் பயிற்றுநரின் அறிவிலும் பழுதுபார்ப்பவரின் மேசையிலும் இருக்கிறது. நிறுவனம் போனால் கருவி கெடவில்லை என்றாலும் காட்சி கெடுகிறது. உள்ளே இருப்பதை எடுத்து எறியவும் முடியாது. அதற்கு இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும், அதற்குரிய ஆபத்துகளோடு. பலர் உயிரற்ற உலோகத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டே வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட ஒன்றை விற்றவர், ஒரு பொருளை விற்றதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் ஒருவருடைய காணும் செயலுக்குள் தம்மைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். விலகுவது அந்தச் செயலைக் கொல்வது.

அவர்கள் தெரிந்தே சம்மதித்தார்கள் என்பது அடுத்த மறுப்பு. கருவி சரிவர வேலை செய்யாமல் போகலாம், கண்ணில் தொற்று வரலாம் என்று எழுதிய படிவத்தில் கையெழுத்திட்டது உண்மை. ஆனால் முயன்றும் தோற்பதற்குக் கொடுத்த சம்மதம், முயல்வதை நிறுத்துவதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. மனிதர்மீது நடக்கும் ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனமே, ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பின்னும் பலன் தரும் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து சொல்லிவருகிறது. மேலும், சம்மதித்தபோது இருந்தவரும் கருவியோடு சில ஆண்டுகள் வாழ்ந்தவரும் எல்லா வகையிலும் ஒருவரே என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் வலிப்பு வருவதை முன்கூட்டி அறிவிக்கும் மூளைக் கருவியின் ஆய்வில் பங்கேற்ற ஒரு பெண், நிறுவனத்துக்குப் பணம் தீர்ந்து கருவியை அகற்றச் சொன்னபோது இறுதிவரை எதிர்த்தார். வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்ள அவரும் கணவரும் முயன்றார்கள். அகற்றப்பட்டபோது, தன்னில் ஒரு பகுதியையே இழந்ததாக அவர் உணர்ந்தார். உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது என்று சித்தாந்தம் சொல்வதன் பொருளை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சம்பவம் அரிது. கருவி அவருக்கு வெளியே இருந்த உடைமையாக இல்லாமல், அவர் அறியும் முறையாகவே ஆகியிருந்தது. எந்த ஒப்பந்தப் படிவமும் அந்த மாற்றத்துக்கு முன்பே எழுதப்பட்டது. மாறியவரின் சார்பில் அது முழுதாகப் பேச முடியாது.

காணும் உயிர் என்று ஒன்றை ஏற்காதவர்கள் இந்த வாதத்தை ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க முடியாது என்றுதான் எண்ணுகிறேன். பௌத்தம் உயிரை ஏற்பதில்லை. கண்ணும் உருவமும் அறிவும் கூடும்போது காட்சி எழுகிறது, கூட்டம் கலைந்தால் மறைகிறது, நடுவில் காண்பவன் என்று தனியே ஒருவன் இல்லை என்கிறது. மணிமேகலையின் காலம் முதல் தமிழிலும் பேசப்பட்டுவரும் தத்துவம் அது. அதன்படியும் கடமை குறையவில்லை. காட்சி முழுவதும் சார்புகளின் மேல் நிற்பது என்றால், சார்புகளுள் ஒன்றைத் தெரிந்தே விலக்கியவர் காட்சியை அணைத்தவர் ஆகிறார். உள்ளே உறுதியாக நின்று தாங்கிக்கொள்ளும் ஆன்மா இருக்கிறது என்ற ஆறுதல்கூட அங்கே இல்லை. இரண்டு தத்துவங்களும் இருவேறு வழிகளில் வந்து, பார்வை ஒருவர் தனியாக வைத்திருக்கும் சொத்து அல்ல என்ற ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நம் சொந்தக் கண்ணைப் பற்றியும் இது உண்மைதான். ஆனால் நம் கண்ணின் சார்புகளைத் திவால் நீதிமன்றம் எதுவும் ஒரே நாளில் விலக்கிவிடாது என்பதால் நாம் அதை நினைப்பதில்லை.

என் வாதத்துக்கு எதிராக நான் மிகவும் மதிக்கும் மறுப்பு பணத்தைப் பற்றியது. காலமெல்லாம் உடனிருக்க வேண்டும் என்ற பாரத்தைச் சுமத்தினால் எந்தச் சிறு நிறுவனமும் இந்தத் துறைக்கு வராது. இழப்பு பார்வையற்றவர்களுக்குத்தான் என்று சொல்வார்கள். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர்கள் எண்ணிக்கை பெரிய சந்தையாகாது என்பதும், இந்த நிறுவனங்கள் பேராசையால் வீழவில்லை, உண்மையிலேயே பணமில்லாமல் வீழ்ந்தன என்பதும் சரிதான். ஆனால் உடனிருப்பதற்கு ஒரே நிறுவனம் சாகாவரம் பெற்றிருக்க வேண்டியதில்லை. இதயத்துக்கான பேஸ்மேக்கரை எண்ணிப் பாருங்கள். அதன் மின்கம்பி இணையும் முனைக்கு 1990-களிலிருந்தே உலகப் பொதுவான தரம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கம்பியோடு இன்னொரு நிறுவனத்தின் பெட்டியை இணைக்கலாம். ஒரு நிறுவனம் போனால் நோயாளியின் இதயம் அதோடு போவதில்லை. விழித்திரைச் சில்லுக்கு அப்படிப்பட்ட தரம் எதுவும் கேட்கப்படவில்லை. கேட்கும் நிலையில் இருந்தவர்கள் கேட்கவில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆர்கஸ் 2 பொருத்தப் பொதுக் காப்பீட்டுப் பணம் சென்றது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை 2016-இல் பத்துப் பேருக்குச் செலவை ஏற்பதாக அறிவித்தது. பொதுப்பணம் கொடுத்தவர்கள் அப்போதே, நிறுவனம் மூடினால் மென்பொருளும் வரைபடமும் ஒரு பொது அமைப்பிடம் போக வேண்டும், விலையில் ஒரு பங்கு பராமரிப்பு நிதியாக நிறுவனத்தின் கடன்காரர்கள் தொட முடியாத இடத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கலாம். அதனால் விலை கூடியிருக்கும், உண்மை. காட்டும் உதவிக்கு மட்டும் விலை போட்டு, உடன் காணும் உதவியை இலவசம்போல் விட்டதால்தான் பழைய விலை அவ்வளவு குறைவாகத் தெரிந்தது.

இதைப் பேச இப்போது சரியான நேரம் என்பதற்குக் காரணம் உண்டு. பிக்சியம் விஷனின் பிரிமா என்ற சில்லை 2024-இல் அமெரிக்காவின் சயன்ஸ் கார்ப்பரேஷன் வாங்கியது. ஸ்டான்ஃபோர்டின் டேனியல் பலாங்கர் வடிவமைத்த அது இரண்டு மில்லிமீட்டர் சதுரம், 378 அலகுகள். கம்பியோ பேட்டரியோ உள்ளே கிடையாது, கண்ணாடியிலிருந்து பாய்ச்சப்படும் அகச்சிவப்பு ஒளியே அதற்குத் தகவலும் ஆற்றலும். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி அழிந்துபோகும் மாக்குலா சிதைவு உள்ள 38 பேரிடம் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் அது சோதிக்கப்பட்டு, 2025 அக்டோபரில் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குப் பார்வைக் கூர்மை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. பலர் எழுத்துகளையும் சொற்களையும் வாசித்தார்கள். நடுவில் சில்லு தரும் கறுப்பு வெள்ளைக் காட்சியையும் ஓரங்களில் தங்கள் சொந்தக் கண் தரும் காட்சியையும் ஒரே நேரத்தில் சேர்த்துக் காண அவர்கள் பழகினார்கள். மாதக்கணக்கான பயிற்சியில் வந்த பலன் இது. மாக்குலா சிதைவு முதியவர்களிடம் மிகப் பரவலாக இருக்கும் நோய். ஆர்கஸ் 2 போல நூற்றுக்கணக்கானவர்களோடு இது நிற்காது. அனுமதி கிடைத்தால் பல்லாயிரம் பேரிடம் போகக்கூடும். கைமாறிய ஒரு நிறுவனத்தின் சொத்தாக வந்த கருவி இது என்பதை அனுமதி தரும் அமைப்புகள் அறியும். முதல் சில்லு விற்பனைக்குப் போகும் முன்பே மென்பொருள் யாரிடம் வைப்பாக இருக்கும், பராமரிப்பு நிதியை யார் காப்பார்கள், இந்த நிறுவனமும் இல்லாமல் போன மறுநாள் எழுபது வயதுள்ள ஒருவர் கண்ணாடி பழுதானால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்ற மூன்றும் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். எழுத மறுக்கும் நிறுவனத்துக்கு, அதன் சில்லு எவ்வளவு நன்றாகக் காட்டினாலும், அனுமதி தரக்கூடாது.